பகலில் ஆக்சிஜன் 11, விடியலில் மீன் சாவு: பெரிய ஆற்றை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

#1 கரையோரன்

ஒரு பெரிய ஆற்றின் சமவெளிப் பகுதி. 3 கி.மீ. நீளம், சராசரி அகலம் 200 மீட்டர், ஆழம் 2 மீட்டர் அளவில். கீழ்முனையில் தடுப்பணை இருப்பதால் வெயில் காலத்தில் நீர் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இடக்கரையில் மூன்று சாக்கடைகள் கலக்கின்றன. மேலே ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் வெளியேற்றமும் உண்டு.

வாரம் ஒருமுறை காலை 11 மணிக்குக் கரையிலிருந்து எடுக்கும் மாதிரியில் வருவது: வெப்பநிலை 29 டிகிரி, கரைந்த ஆக்சிஜன் 10 முதல் 11 மி.கி./லி., பி.ஓ.டி. (கழிவை மட்கச்செய்ய நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன்) 4 முதல் 5, பி.எச். 8.8, அம்மோனியா நைட்ரஜன் 0.9. தாளில் பார்த்தால் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விடியும் நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. சில நாள் கொத்தாகச் சாகின்றன.

பேசப்படும் தீர்வுகள்: மிதக்கும் நீரூற்றுகள், நுண்ணுயிர்க் கரைசல், ஆற்றை ஆழப்படுத்தி இரு கரையிலும் கான்கிரீட் சுவர். இவற்றில் எது பயன்படும்? அதற்கு முன் எதை அளக்க வேண்டும்?

#2 நீரோட்டம்

உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. 29 டிகிரியில், கடல்மட்ட உயரத்தில், நன்னீர் காற்றிலிருந்து பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் 7.7 மி.கி./லி. மட்டுமே. 11 என்றால் 143 சதவீதம். காற்று தரக்கூடியதைவிட அதிகம் என்பதால், அது பாசியின் ஒளிச்சேர்க்கையில் வந்தது. ஆரோக்கியத்தின் அடையாளமாக அதை எடுக்கவே கூடாது. பகலில் இவ்வளவு ஏற்றும் பாசி, இரவில் சுவாசித்து அதை இறக்கவும் செய்யும். மிகக் குறைந்த அளவு சூரியன் உதிப்பதற்குச் சற்று முன் வரும். அந்த நேரத்தில் யாரும் மாதிரி எடுப்பதில்லை.

பி.எச். 8.8-உம் அதே கதைதான். பாசி நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் பி.எச். ஏறுகிறது. ஏறினால் அம்மோனியா நஞ்சாகிறது. 29 டிகிரியில் பி.எச். 7.2 என்றால் மொத்த அம்மோனியாவில் சுமார் 1.2 சதவீதம்தான் மீனுக்கு நஞ்சான அயனியாகாத வடிவில் இருக்கும். 8.8 என்றால் 32 சதவீதம். உங்கள் 0.9-இல் அது 0.29 மி.கி. மீன் வளர்ப்பவர்கள் 0.05-க்கே கவலைப்படுவார்கள். ஆக மீனுக்கு இரண்டு அடி: பிற்பகலில் அம்மோனியா, விடியலில் மூச்சுத்திணறல். செவுள் ஏற்கெனவே புண்பட்ட மீனுக்கு 3 மி.கி. ஆக்சிஜன்கூடப் போதாது.

முதல் வேலை: 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் கருவியை மேற்பரப்பிலிருந்து அரை மீட்டரில் ஒன்று, அடியிலிருந்து 30 செ.மீ. மேலே ஒன்று எனக் குறைந்தது ஒரு வாரம் வையுங்கள். நின்ற நீரில் மேலே 11 இருக்கும்போது அடியில் பூஜ்யம் இருப்பது அரிதல்ல. மழையோ பலத்த காற்றோ வந்து இரண்டும் கலந்தால் ஒரே இரவில் மொத்தமும் இறங்கிவிடும். கொத்துச் சாவுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

#3 ஆய்வகமேசை

கருவி இல்லையென்றால் விங்க்ளர் முறை (கரைந்த ஆக்சிஜனை இரசாயனத்தால் அளப்பது) போதும். ஆனால் அதைக் கரையிலேயே தொடங்க வேண்டும். பாட்டிலை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் வழியிலேயே பாசி அளவை மாற்றிவிடும்.

300 மி.லி. பி.ஓ.டி. பாட்டிலைக் குமிழி வராமல், நீர் வழிய நிரப்புங்கள். மாங்கனீசு சல்ஃபேட் 1 மி.லி., அடுத்து கார அயோடைடு அசைடு 1 மி.லி. இரண்டையும் பிப்பெட் நுனி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி விடுங்கள். மூடி, பலமுறை தலைகீழாகப் புரட்டுங்கள். வீழ்படிவு பழுப்பு என்றால் ஆக்சிஜன் உண்டு. தூய வெள்ளை என்றால் இல்லை. மேற்கொண்டு எதுவும் செய்யாமலே விடை தெரிந்துவிட்டது. படிவு பாதி உயரத்துக்கு இறங்கியதும் மீண்டும் ஒருமுறை புரட்டி, மறுபடி இறங்கியபின் அடர் கந்தக அமிலம் 1 மி.லி. விட்டுக் கரையுங்கள். இந்த நிலையில் இருட்டில் வைத்தால் 8 மணி நேரம் வரை தாங்கும். பிறகு 201 மி.லி. எடுத்து 0.025 நார்மல் சோடியம் தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பார்க்க (டைட்ரேஷன்) வேண்டும். வெளிர் மஞ்சள் வந்தபின் ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும் வரை. செலவான ஒவ்வொரு மி.லி.-யும் 1 மி.கி./லி. ஆக்சிஜன். 200 எடுக்காமல் 201 எடுப்பது, முதல் இரண்டு கரைசல்களும் பாட்டிலிலிருந்து வெளியே தள்ளிய 2 மி.லி. நீருக்கான ஈடு.

வழக்கமாகத் தவறுவது தயோசல்ஃபேட்டில்தான். அது நாளாக ஆக வலுவிழக்கும்; வலுவிழந்த கரைசல் அதிகம் செலவாகும், ஆற்றில் ஆக்சிஜன் கூடுதலாக இருப்பதுபோலக் காட்டும். ஒவ்வொரு தொகுதிக்கு முன்னும் திட்டப்படுத்துங்கள், அதாவது அதன் வலுவைச் சரிபாருங்கள். அசைடு இல்லாத பழைய முறையைச் சாக்கடை கலந்த நீரில் பயன்படுத்தினால் நைட்ரைட் குறுக்கிட்டு அளவை ஏற்றிவிடும்.

கருவி வைத்திருப்பவர்களுக்கு: சவ்வு வகையென்றால் நுனியைத் தாண்டி நீர் ஓட வேண்டும். நின்ற நீரில் அசைக்காமல் பிடித்தால் தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தானே தின்று குறைவாகக் காட்டும். ஒளி வகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் பி.ஓ.டி. 4 முதல் 5 பற்றி ஒரு சந்தேகம். வடிகட்டாத மாதிரியில் உயிருள்ள பாசி இருந்தால், இருட்டுப் பெட்டியில் அதுவும் சுவாசித்து பி.ஓ.டி.-யாகப் பதிவாகும். ஒரே மாதிரியை வடிகட்டி ஒன்று, வடிகட்டாமல் ஒன்று வையுங்கள். வித்தியாசம் பெரிதென்றால் அதில் பெரும்பகுதி சாக்கடையின் நேரடிக் கரிமப்பொருளாக இருக்காது, பாசியாக இருக்கும். குளோரோஃபில் (பாசியின் பச்சையம்) அளவையும் சேர்த்துப் பார்த்தால் உறுதியாகும்.

#4 செயல்வீரன்

எல்லாம் சரிதான், ஆனா அளந்துட்டே இருந்தா மீன் செத்துட்டே இருக்கும். நாலு நீரூற்று போட்டா உடனே ஆக்சிஜன் ஏறாதா? நுண்ணுயிர்க் கரைசலும் செலவு கம்மிதானே. முதல்ல அதைச் செஞ்சுட்டு அப்புறம் ஆராய்ச்சி பண்ணலாமே.

#5 வண்டல்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3,000 × 200 × 2 என்றால் 12 லட்சம் கன மீட்டர் நீர். லிட்டருக்கு 1 மி.கி. ஏற்றவே 1,200 கிலோ ஆக்சிஜன் வேண்டும். மேற்பரப்பில் நீரை வீசும் கருவிகள் ஆற்றுச் சூழலில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1 கிலோ ஏற்றினால் நல்ல செயல்பாடு. 5 குதிரைத்திறன் நீரூற்று, அதாவது 3.7 கிலோவாட், இரவு 10 மணி நேரம் ஓடினால் 37 கிலோ. ஆக 1 மி.கி. ஏற்றவே 32 நீரூற்றுகள். அந்த இரவில் பாசியும் சேறும் தின்பதை இதில் கழிக்கவே இல்லை. நாலு நீரூற்று படம் எடுக்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

நுண்ணுயிர்க் கரைசலுக்கு இன்னும் எளிய மறுப்பு. கழிவைத் தின்னும் பாக்டீரியா சாக்கடையில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருக்கிறது. பற்றாக்குறை பாக்டீரியாவில் இல்லை, ஆக்சிஜனில். இன்னும் பாக்டீரியா ஊற்றினால் இருக்கும் ஆக்சிஜனுக்குப் போட்டி கூடும். வெல்லப்பாகில் வளர்த்த கரைசல் என்றால் அந்தப் பாகே கூடுதல் பி.ஓ.டி. ஓடும் நீரில் ஊற்றியது அங்கே தங்கவும் தங்காது.

செறிவை விட்டுவிட்டுச் சுமையைப் பாருங்கள். எம்.எல்.டி. (நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர்) ஓட்டத்தை மி.கி./லி. செறிவால் பெருக்கினால் நேரடியாக நாளுக்கு எத்தனை கிலோ என்று வரும். விநாடிக்கு 1 கன மீட்டர் என்பது 86.4 எம்.எல்.டி. மூன்று சாக்கடையும் சேர்ந்து 10 எம்.எல்.டி., பி.ஓ.டி. 200 என்று வையுங்கள்: நாளுக்கு 2,000 கிலோ. ஆற்றில் விநாடிக்கு 5 கன மீட்டர், பி.ஓ.டி. 2 இருந்தால் கலந்தபின் 6.5. அதே சாக்கடை, ஆற்றில் அரை கன மீட்டர் மட்டும் ஓடினால் 39. சாக்கடை கூடவே இல்லை, ஆறு குறைந்தது.

சாக்கடை ஓட்டத்தை மதிப்பிட 90 பாகை முக்கோண வெட்டுப் பலகை போதும். வெட்டின் அடிமுனையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்று மீட்டரில் எடுத்து, 2.5 அடுக்குக்கு உயர்த்தி, 1.38-ஆல் பெருக்குங்கள். 20 செ.மீ. என்றால் விநாடிக்குச் சுமார் 25 லிட்டர், நாளுக்கு 2.1 எம்.எல்.டி. உயரத்தைப் பலகையின் வாயிலேயே அளக்காதீர்கள்; அங்கே நீர் வளைந்து இறங்கும். அந்த உயரத்தைப்போல 4 மடங்கு தள்ளி, மேற்பக்கத்தில் அளக்க வேண்டும். பலகைக்குக் கீழே நீர் தேங்கி வெட்டை மூழ்கடித்தாலும், மேலே குப்பை மாட்டினாலும் கணக்கு கெடும். பிளாஸ்டிக் பை ஒன்று போதும், உயரம் இரட்டிப்பாகி ஓட்டம் ஐந்தரை மடங்காகத் தெரியும்.

24 மணி நேரமும் மணிக்கு ஒரு மாதிரி எடுத்து, ஓட்டத்தின் விகிதத்தில் கலந்து ஆய்வு செய்யுங்கள். கூடவே மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) பதிவியை வையுங்கள். வீட்டுச் சாக்கடை காலையும் மாலையும் ஏறி இறங்கும். நள்ளிரவில் மட்டும் குத்தென்று ஏறினால் யாரோ தொட்டியைத் திறந்துவிடுகிறார்கள்.

#6 செயல்வீரன்

கணக்கு ஒத்துக்கிறேன். ஆனா தேம்ஸ் நதியில படகுல ஆக்சிஜன் ஊதுறாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?

#7 நீரோட்டம்

அந்தப் படகுகள் உண்மை. ஆனால் அவை காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, ஒவ்வொன்றும் நாளுக்கு 30 டன் வரை நீருக்குள் செலுத்தக்கூடியவை. புயல்மழையில் சாக்கடை நிரம்பி ஆற்றில் பாயும் நாட்களுக்கான அவசர ஏற்பாடு அது. 1957-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உயிரியல் நோக்கில் இறந்ததாகச் சொன்ன ஆறு மீண்டது பெக்டன், கிராஸ்னஸ் சுத்திகரிப்பு நிலையங்களை விரிவாக்கியதால். அதற்குப் பிறகும் மழைக்கால வழிதல் தீரவில்லை என்றுதான் 25 கி.மீ. நீளம், 7.2 மீட்டர் விட்டத்தில் சுரங்கம் தோண்டி, 2025-இல் எல்லா வாய்களையும் இணைத்தார்கள். படகு எப்போதும் துணை வேலைதான்.

உங்கள் இடத்திலும் அவசரத்துக்கென ஒரு மாற்று உண்டு. 3 கி.மீ. முழுவதையும் காப்பாற்ற முயலாமல், மீன் ஒதுங்கும் ஆழமான மடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் நள்ளிரவு முதல் விடியல் வரை காற்றூட்டுங்கள். குழாயை அடிச்சேற்றிலிருந்து ஒரு மீட்டராவது தூக்கி வையுங்கள். சேற்றைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு எழும்பி, காப்பாற்ற வந்ததே கொல்லும்.

#8 காற்றூட்டி

யாரும் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றிக் கேக்கலை. அங்கதான் பாதி விடை இருக்கும்னு நினைக்கிறேன்.

வெளியேறும் நீர்ல பி.ஓ.டி. 10-ன்னு சான்றிதழ் இருக்கும். ஆனா பாஸ்பரஸ்? சாதாரண உயிர்ச்சேற்று முறையில (காத்து ஊதி பாக்டீரியாச் சேறை வச்சு கழிவைத் தின்ன வைக்கிறது) பாஸ்பரஸ் பெரும்பகுதி அப்படியே வெளிய போயிடும். 10 எம்.எல்.டி., லிட்டருக்கு 6 மி.கி.ன்னா நாளுக்கு 60 கிலோ பாஸ்பரஸ். 1 கிலோ பாஸ்பரஸ் வச்சு நூறு கிலோவுக்கு மேல (உலர் எடை) பாசி வளரும். அந்தப் பாசி செத்து மக்க சுமார் 142 கிலோ ஆக்சிஜன் வேணும். 60 கிலோவுக்கு 8,500 கிலோ. வண்டல் சொன்ன சாக்கடையோட 2,000 கிலோ பி.ஓ.டி.-யை விட நாலு மடங்கு. முழுசா அப்படி நடக்காது, வெளிச்சமும் கலங்கலும் தடுக்கும். ஆனா பி.ஓ.டி. மட்டும் பாத்துட்டு நிலையம் நல்லா ஓடுதுன்னு சொல்றது எவ்வளவு தப்புன்னு புரியும். இதை எடுக்க ஃபெரிக் குளோரைடு போடலாம். 1 கிலோ பாஸ்பரஸுக்குக் கணக்குப்படி 1.8 கிலோ இரும்பு; நடப்புல ஒன்றரை, ரெண்டு மடங்கு ஆகும். கூடுதலா வர்ற சேறை எங்க போடப் போறோம்னு முன்னாடியே முடிவு பண்ணணும்.

ஆத்துல அம்மோனியா 0.9 இருக்கு. நிலையம் தன்னோட பங்கை ஒழுங்கா நைட்ரேட் ஆக்குதான்னு பாருங்க. 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜனுக்கு 4.57 மி.கி. ஆக்சிஜனும், 7.14 மி.கி. காரத்தன்மையும் செலவாகும். காத்து இருந்தும் அம்மோனியா இறங்கலைன்னா காரத்தன்மை தீர்ந்திருக்கும், இல்லன்னா சேறை அதிகமா வெளியேத்தி நைட்ரேட் ஆக்குற பாக்டீரியாவையே கழுவி விட்டிருப்பாங்க. அது மெதுவா வளர்ற ரகம், திரும்ப வர வாரக்கணக்குல ஆகும்.

அப்புறம் 1 லிட்டர் ஜாடியில அரை மணி நேரம் சேறு படியுற சோதனை. 450 மி.லி.-ல நின்னு, தொட்டியில மிதக்கும் திடப்பொருள் 2,500 மி.கி. இருந்தா சேற்றுக் கன அளவுக் குறியீடு 180. 150-ஐத் தாண்டினா இழை பாக்டீரியா வந்திருக்கும், சேறு படியாம வழிஞ்சு ஆத்துக்குப் போகும். மின்கட்டணம் மிச்சம் பிடிக்க ராத்திரி ஊதுகுழலை நிறுத்துற இடத்துல இதுதான் முதல்ல வரும். ராத்திரி 2 மணிக்குத் தொட்டியில ஆக்சிஜன் 2 மி.கி. இருக்கான்னு பாருங்க. பகல்ல பாத்தா எல்லா நிலையமும் நல்ல நிலையம்தான்.

#9 தட்டான்

இரசாயனம் அந்த நொடியைச் சொல்லும்; அடியில் வாழும் பூச்சிகள் கடந்த சில மாதங்களைச் சொல்லும். 1 மி.மீ. கண்ணி கொண்ட கைவலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதற்கு முன்னால் கல்லையும் மணலையும் 3 நிமிடம் காலால் கிளறினால் போதும். வெள்ளைத் தட்டில் கொட்டி வகை பிரியுங்கள். ஸ்டோன்ஃப்ளை, மேஃப்ளை, கூடு கட்டும் கேடிஸ்ஃப்ளை இளவுயிரிகள் கிடைத்தால் இரவிலும் ஆக்சிஜன் இருக்கிறது என்று அர்த்தம். செம்புழுவும் டியூபிஃபெக்ஸ் என்ற சேற்றுப் புழுவும் மட்டும் என்றால் இல்லை. அவை ஹீமோகுளோபின் வைத்திருப்பதால் மூச்சு முட்டும் சேற்றிலும் பிழைக்கும்.

பி.எம்.டபிள்யூ.பி. என்ற மதிப்பெண் முறை ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும், மாசைத் தாங்காததற்கு அதிகமாக, 1 முதல் 10 வரை தரும். மொத்தத்தைவிட ஒரு குடும்பத்துக்கான சராசரி நம்பகமானது. நீண்ட நேரம் கிளறினால் மொத்தம் ஏறும், சராசரி அவ்வளவாக அசையாது. இன்னொன்று: இது பிரிட்டனின் குளிர்ந்த ஆறுகளுக்கென எழுதப்பட்டது. வெப்பமான சமவெளி ஆற்றில் ஸ்டோன்ஃப்ளை இயல்பாகவே அரிது. அது இல்லை என்பதற்காக ஆறு கெட்டது என்று எழுதிவிடாதீர்கள். அதே ஆற்றில், சாக்கடைகளுக்கு மேலே, அதே வகை அடித்தளம் உள்ள இடத்தோடு ஒப்பிடுங்கள். மணல் தரையைக் கல் தரையோடு ஒப்பிட்டால் எந்த முடிவும் பொய்யாகத்தான் வரும்.

#10 கரையோரன்

மிக்க நன்றி. ஆழப்படுத்தலும் சுவரும் பற்றி யாரும் சொல்லவில்லையே? வெள்ளத்துக்கும் நல்லது, சேறும் போகும் என்கிறார்கள்.

#11 வண்டல்

கருஞ்சேற்றை எடுப்பது வேறு, மணலைத் தோண்டுவது வேறு. இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் போட்டால் நடப்பது இரண்டாவதுதான், மணலுக்குத்தான் விலை.

சேறு எடுப்பது நியாயமே. அது தினமும் ஆக்சிஜன் தின்கிறது, பாஸ்பரஸையும் திருப்பி விடுகிறது. ஆனால் சாக்கடையை நிறுத்தாமல் எடுத்தால் சில ஆண்டுகளில் மறுபடி அதே உயரம். வாளி இயந்திரம் கிளறும். உறிஞ்சு குழாய் நல்லது. சேற்றின் இடுக்கு நீரில் அம்மோனியாவும் சல்ஃபைடும் செறிந்திருக்கும் என்பதால், நீர் சூடாகவும் ஓட்டமின்றியும் இருக்கும் மாதங்களில் தொடாதீர்கள். கன உலோகம் பார்க்காமல் வயலில் கொட்டவும் கூடாது.

மணலில் குழி தோண்டினால் குழியின் மேல்விளிம்பு சரிந்து சரிந்து ஆற்றில் மேல்நோக்கி நகரும். பாலத் தூண்களின் அடி வெளியே தெரியும். ஆற்றுமட்டம் இறங்குவதால் கரையோரக் கிணறுகளும் இறங்கும். மீகாங் கழிமுகத்தில் படுகை தாழ்ந்ததால் உவர்நீர் முன்பைவிட உள்ளே ஏறுகிறது. உங்கள் பகுதிக்கு இன்னொரு கேடு உண்டு. ஆழம் 2-லிருந்து 4 மீட்டர் ஆனால் கொள்ளளவு இரட்டிப்பு, நீர் தங்கும் நாளும் இரட்டிப்பு, மேல் கீழ் அடுக்குப் பிரிதலும் கூடும்.

சுவர் கட்டி ஆற்றை வாய்க்கால் ஆக்கினால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள கிஸ்ஸிம்மீ ஆறே போதும். 1962 முதல் 1971 வரை, வளைந்து 166 கி.மீ. ஓடிய ஆற்றை வெள்ளத்தடுப்புக்காக 90 கி.மீ. நேர்வாய்க்கால் ஆக்கினார்கள். சதுப்பு காய்ந்தது, நீர்ப்பறவைகள் போயின, வாய்க்காலில் ஆக்சிஜன் சரிந்தது. 1999-இல் மண்ணைத் திருப்பிக் கொட்டி வாய்க்காலை மூடத் தொடங்கி 2021-இல் முடித்தார்கள். அதுவும் ஒரு பகுதியைத்தான். வெட்டியதைவிட மூடியதற்குப் பல மடங்கு செலவு.

கரையில் செடி கொடி விடுவதற்கும் நிபந்தனை இருக்கிறது. 10 முதல் 30 மீட்டர் புல்லும் மரமும் வயலிலிருந்து மெல்லிய படலமாக வரும் மழைநீரில் உள்ள வண்டலைப் பிடிக்கும். அதே நீர் ஓர் ஓடையாகச் சேர்ந்து வெட்டிக்கொண்டு போனால் எதையும் பிடிக்காது. வடிகால் குழாய் அடியில் போனாலும் அப்படியே. முதலில் மழை நேரத்தில் நின்று, நீர் எங்கே சேர்ந்து இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த வாய்களில் சிறு குட்டைகள் அமைத்த பிறகே நடுங்கள்.

#12 மதகடி

எல்லோரும் சாக்கடையையே பேசுகிறீர்கள். தடுப்பணையை யாரும் தொடவில்லை. 12 லட்சம் கன மீட்டரை விநாடிக்கு அரை கன மீட்டரால் வகுத்தால் நீர் அங்கே 28 நாள் தங்குகிறது. 5 கன மீட்டர் விட்டால் மூன்று நாளுக்கும் குறைவு. மிதக்கும் பாசி இரட்டிக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். மூன்று நாளில் அடித்துச் செல்லப்பட்டால் பெருக நேரமில்லை. சுத்திகரிப்பு நிலையத்தை மேம்படுத்துவதற்குள் ஆண்டுகள் போய்விடும், மதகை இன்றே திறக்கலாம்.

அமெரிக்க மீன்வள ஆய்வாளர் டென்னன்ட் 1976-இல் வெளியிட்ட தோராய அளவுகள் இன்றும் தொடக்கத்துக்கு உதவும்: ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் விட்டால் மீன் உயிரோடு மட்டும் இருக்கும், 30 விட்டால் ஓரளவு வாழும், 60 என்றால் சிறப்பு. வட அமெரிக்க ஆறுகளை வைத்துச் சொன்னது என்பதால் பருவமழை ஆற்றில் மாதவாரியாகப் பிரித்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

#13 நீரோட்டம்

பாதி ஏற்கிறேன், மதகடி. ஓட்டம் மட்டும் கூடினால் 60 கிலோ பாஸ்பரஸ் எங்கும் போய்விடாது. அடுத்த தடுப்பணையில் பாசியாகும். உங்கள் ஊர்ப் புகாரை அடுத்த ஊருக்கு அனுப்பியதாக ஆகும். இன்னொன்று, மேலணையிலிருந்து விடுவது அடிமதகு என்றால் அந்த நீரே ஆக்சிஜன் இல்லாமல், அழுகிய முட்டை நாற்றத்தோடு வரலாம். எந்த மட்டத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் கேட்க வேண்டும்.

#14 மதகடி

அடிமதகு பற்றிச் சரியாகச் சொன்னீர்கள். தடுப்பணைக்கும் அதுவே பொருந்தும். கீழ்க்கதவை ஒரேயடியாகத் தூக்கினால் அடியில் கிடந்த கருநீர் மொத்தமும் புறப்பட்டு, கீழே பல கி.மீ.-க்கு மீனைக் கொல்லும். முதலில் மேல்வழிவு, பிறகு கீழ்க்கதவைச் சிறிதளவு, பிற்பகலில், கீழ்ப்புறத்தில் ஆக்சிஜன் அதிகமிருக்கும் நேரத்தில். அங்கே கருவியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும்; 4 மி.கி.-க்குக் கீழே போனால் கதவை இறக்க வேண்டும். மூடுவதும் படிப்படியாகவே. சட்டென்று மூடினால் ஓரக் குட்டைகளில் குஞ்சுகள் மாட்டிக் காயும்.

புதுவெள்ளம் வரும் வாரத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். முதல் மழை, சாக்கடையில் மாதக்கணக்காகப் படிந்ததையும் சாலை அழுக்கையும் ஒரே மூச்சில் கொண்டுவரும். வாகன டயரிலிருந்து வரும் 6பிபிடி-குயினோன் என்ற பொருள் கோஹோ சால்மனை மழை நாளில் கொல்வதை 2020-இல்தான் கண்டுபிடித்தார்கள். மண்ணும் மட்கும் கலந்த வடிகுழி வழியாக விட்டால் பெரும்பகுதி நின்றுவிடுகிறது. சாலை வடிகாலை நேராக ஆற்றில் இறக்காமல் அப்படி ஒரு குழிக்குத் திருப்புவது இந்த இழையிலேயே செலவு குறைந்த வேலை.

#15 வண்டல்

கரையோரம் இரசாயனக் கிடங்கு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். 1986 நவம்பர் 1 அன்று பாசல் அருகே சாண்டோஸ் கிடங்கு எரிந்தபோது, ரைன் ஆற்றைக் கொன்றது தீயை அணைக்க அடித்த தண்ணீர். பூச்சிக்கொல்லியை அள்ளிக்கொண்டு ஆற்றில் இறங்கி, நூற்றுக்கணக்கான கி.மீ. விலாங்கு மீன்களை அழித்தது. அடுத்த ஆண்டே ரைன் செயல்திட்டம் வந்தது. தீயணைப்பு நீரைப் பிடிக்கும் தொட்டி கட்டாயமானது. கிடங்கின் மழைநீர் வடிகாலுக்கு மூடும் கதவு இருக்கிறதா, இரவுக் காவலருக்கு அதை மூடத் தெரியுமா, இவ்வளவுதான் கேள்வி.

#16 கரையோரன்

தெளிவாகிவிட்டது. நீரூற்றையும் கரைசலையும் கைவிடலாம், சுவரை எதிர்க்கலாம், நிலையத்தின் பாஸ்பரஸும் சாக்கடையின் 24 மணி நேரச் சுமையும் கேட்டு எழுதலாம். பதியும் கருவிகளை எங்கே கட்டுவது? பாலத் தூணில் கட்டினால் திருட்டுப் பயம் குறைவு.

#17 ஆய்வகமேசை

தூணில் கட்டலாம், ஆனால் தூணின் கீழ்ப்பக்கச் சுழலில் வேண்டாம். அங்கே காற்று கலந்து கூடுதலாகக் காட்டும், குப்பையும் சேரும். பக்கவாட்டில், துளையிட்ட பி.வி.சி. குழாய்க்குள், கம்பியில் தொங்கவிடுங்கள். சாக்கடை கலக்கும் இடத்துக்கு நேர் கீழே இடக்கரையில் மட்டும் வைத்தால் ஆறு முழுவதும் கெட்டதாகத் தெரியும், வலக்கரையில் வைத்தால் நல்லதாகத் தெரியும். இவ்வளவு அகலத்தில் இரண்டும் கலக்கப் பல கி.மீ. வேண்டும். ஒருநாள் விடியலில் படகில் குறுக்கே போய் ஐந்து இடத்தில் கடத்துதிறன் அளந்து, மாறாத நடுப்பகுதி எது என்று பார்த்த பிறகு தூணைத் தேர்ந்தெடுங்கள். மூன்று சாக்கடைக்கும் மேலே ஒப்பீட்டுக்கு ஒன்று கட்டாயம்.

வெதுவெதுப்பான நீரில் உணர்முனையில் ஒரு வாரத்துக்குள் வழுக்கல் படியும். பதிவு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, துடைத்தவுடன் சட்டென்று ஏறினால் அது ஆறு அல்ல, அழுக்கு. அதனால் துடைக்கும் முன் ஒன்று, துடைத்தபின் ஒன்று என விங்க்ளர் பாட்டில் இரண்டு பிடித்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். அந்த இரண்டு எண் இல்லாத பதிவை எந்தக் கூட்டத்திலும் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார்கள்.